எண்காரியும் கோல்காரியும்: ஐஸ்லாந்தில் கம்ப்யூட்டருக்கு வந்த பெயர்

ஐஸ்லாந்து மொழியில் கம்ப்யூட்டருக்குப் பெயர் 'தொல்வா'. "எண்களின் தீர்க்கதரிசினி என்று அர்த்தம்" என்று இணையத்தில் ஒரு வரிச் செய்தியாக இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. புதுச்சொல் ஒன்றை எப்படிக் கட்டினால் நிற்கும், எங்கே சறுக்கும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சொல் வேறு இல்லை. 'கணினி' என்று எழுதிவிட்டு 'சிஸ்டம்' என்று பேசும் நமக்கு இது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி.

முதலில் உச்சரிப்பு. 'தொல்வா' என்று எழுதினாலும் அந்த முதல் உயிர் தமிழில் இல்லை. ஐஸ்லாந்து எழுத்தில் ஓ-வின் தலையில் இரண்டு புள்ளி வைப்பார்கள். வாய்க்குள் நாக்கை 'தெல்' என்று சொல்வதுபோல வைத்துக்கொள்ளுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'தொல்' என்று சொல்வதுபோலக் குவியுங்கள். வருகிற ஒலிதான் அது. தொடக்கத்தில் வரும் தகரம் நம் தகரம் போலவே பல்லில் நாக்கு படும் ஒலி, ஆனால் கூடவே கொஞ்சம் காற்று வெளியேற வேண்டும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில். நம் 'தொல்' (பழைய) என்ற சொல்லோடு இதற்கு எந்த உறவும் இல்லை, வெறும் ஒலி ஒற்றுமை. கீழே தமிழில் எழுதியிருக்கும் ஐஸ்லாந்துச் சொற்கள் எல்லாமே கிட்டத்தட்ட உச்சரிப்புதான்.

1964 இறுதியில் ரெய்க்யவிக்கில் உள்ள ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துக்கு ஐ.பி.எம். 1620 வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்தின் முதல் கம்ப்யூட்டர். அந்த மாதிரியின் அடிப்படை நினைவகம் 20,000 இலக்கம். ஆமாம், பைட் அல்ல, பதின்ம இலக்கம். அதன் முதல் வடிவத்தில் கூட்டல் செய்யத் தனிச் சுற்றுகூடக் கிடையாது. நினைவகத்தில் ஏற்றி வைத்த கூட்டல் வாய்பாட்டைப் பார்த்துத்தான் விடை எடுக்கும், நம் பிள்ளைகள் வாய்பாடு பார்ப்பது போல. எண்ணை வாங்கி எண்ணைத் தரும் இயந்திரம் என்பதைத் தவிர அன்றைக்கு அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அதற்கு முன் பத்திரிகைகளில் வேறு பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'ராவெய்ந்தாஹெய்லி' என்றால் மின்னணு மூளை. 'ராவ்ரெய்க்னிர்' என்றால் மின் கணிப்பான். இரண்டும் பொருள் தெளிவான சொற்கள், இலக்கணப் பிழை ஏதும் இல்லாதவை. ஆனால் வாயில் நிற்காதவை.

1965-இல் சிகுர்துர் நோர்தால் 'தொல்வா'வைக் கொடுத்தார். அவர் பொறியாளர் அல்ல, பழைய நோர்ஸ் (ஐஸ்லாந்து மொழியின் பழைய வடிவம்) இலக்கியப் பேராசிரியர். 1886-இல் பிறந்தவர், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் ஒரு தகவலைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: 'வொலுஸ்பவு' என்ற பழம்பாடலுக்கு 1923-இல் விளக்கவுரையுடன் பதிப்பு கொண்டுவந்தவர் அவர். அந்தத் தலைப்பின் பொருள் 'வொல்வா சொன்ன குறி'. வொல்வா என்பவள் குறி சொல்லும் பெண். உலகம் எப்படித் தோன்றியது, எப்படி அழியும் என்பதை ஒரு வொல்வா சொல்வதாகவே அந்தப் பாடல் நகர்கிறது. பாதி வாழ்நாள் அந்தச் சொல்லோடு புழங்கியவர் வாயிலிருந்துதான் 'தொல்வா' வந்தது.

இனி அந்தப் பாதிச் சரியைப் பார்ப்போம். 'தாலா' என்றால் எண். 'வொல்வா' என்றால் குறி சொல்பவள். இரண்டையும் ஒட்டினால் தொல்வா என்பதுதான் சுற்றுகிற விளக்கம். ஆனால் ஐஸ்லாந்து மொழி சொற்களை ஒட்டும் விதம் வேறு. முன்சொல் வேற்றுமை ஏற்றோ ஏற்காமலோ முழுசாக நிற்கும், பின்சொல்லும் முழுசாக நிற்கும். அப்படி ஒட்டியிருந்தால் 'தொலுவொல்வா' என்று வந்திருக்கும். நோர்தால் ஒட்டவில்லை, வார்த்தார்.

'வொல்வா' என்ற சொல்லே இன்னொன்றிலிருந்து பிறந்தது. 'வொலுர்' என்றால் கோல், கைத்தடி. கோல் வைத்திருப்பவள் வொல்வா. தமிழில் சொன்னால் கோல்காரி. வொலுரிலிருந்து வொல்வா எப்படி வந்ததோ, அதே அச்சில் தாலாவிலிருந்து தொல்வா. கோலுக்குக் கோல்காரி, எண்ணுக்கு எண்காரி. இதைவிட நெருக்கமாகத் தமிழில் சொல்ல முடியாது. அச்சு ஒன்றாக இருப்பதால் ஒலியும் ஒன்றாகிறது; ஒலி ஒன்றானதால் குறி சொல்பவளின் நிழல் தானாக வந்து விழுகிறது. சொல்லின் பொருளுக்குள் தீர்க்கதரிசினி இல்லை. அவள் எதுகையில் இருக்கிறாள்.

அந்தக் கோலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 'சிவப்பு எரிக்கின் சாகா' என்ற 13-ஆம் நூற்றாண்டு உரைநடைக் கதையில் ஒரு வொல்வா வருகிறாள், பெயர் தோர்பியோர்க். இடம் கிரீன்லாந்து, பஞ்ச காலம். வேட்டைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள், சிலர் திரும்பவே இல்லை. பஞ்சம் எப்போது தீரும் என்று கேட்க அவளை ஒரு பண்ணைக்கு அழைக்கிறார்கள். அவள் உடையைக் கதாசிரியர் வரிசையாகச் சொல்கிறார்: ஓரம்வரை கல் பதித்த நீலப் போர்வை, கழுத்தில் கண்ணாடி மணிமாலை, தலையில் வெள்ளைப் பூனைத்தோல் உள்வைத்துத் தைத்த கறுப்பு ஆட்டுக்குட்டித் தோல் முக்காடு. கையில் கோல். கோலின் தலையில் ஒரு குமிழ், அதற்குப் பித்தளைக் கட்டு, குமிழைச் சுற்றிக் கற்கள். உட்காரக் கோழி இறகு அடைத்த மெத்தை போட்ட உயர்ந்த ஆசனம்.

மெரினாவில் சாயங்காலம் மணலில் நடந்தால் குறி சொல்லும் அம்மா ஒருவராவது எதிரே வருவார். கையில் முழத்துக்கு மேல் போகாத ஒரு கோல். அதை உங்கள் உள்ளங்கையில் வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவார். அந்தக் கோல் நேற்று வந்ததல்ல. குறுந்தொகை 298-ஆம் பாட்டில் குறி சொல்லும் பெண்களைப் பரணர் 'வெண்கடைச் சிறுகோல் அகவன் மகளிர்' என்கிறார். வெள்ளை முனை வைத்த சிறு கோல் ஏந்திய அகவன் மகளிர். பெயரைச் சொன்னவுடன் கோலையும் சொல்லிவிடுகிறார், அது இல்லாமல் அவர்களை அடையாளம் காட்ட முடியாது என்பதுபோல. வடக்கே பனிக்கடலோரத்தில் கோலையே பெயராக்கிவிட்டார்கள். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் கிடையாது. ஆனால் வொல்வா என்றால் எப்படிப்பட்டவள் என்று சென்னைக்காரருக்கு விளக்க அகராதி தேவையில்லை, கண்ணகி சிலை பக்கம் ஒரு நடை போதும்.

ஐஸ்லாந்தில் வொல்வா செத்த சொல்லும் இல்லை. ஆண்டு பிறக்கும் சமயத்தில் இந்த வருஷம் எப்படி இருக்கும் என்று பத்திரிகைகளில் ஆருடம் வரும். நம் புத்தாண்டு ராசிபலன் போல. அதைச் சொல்பவளுக்கு வொல்வா என்றே பெயர் போடுகிறார்கள். ஆகவே தொல்வா பிறந்தபோது அதன் அக்காள் உயிரோடு வீட்டில்தான் இருந்தாள். இது முக்கியம். யாருக்கும் தெரியாத பழஞ்சொல்லின் அச்சில் வார்த்திருந்தால் காது அதைப் பிடித்திருக்காது.

இப்போது இந்தச் சொல்லின் ஒரே கோளாறுக்கு வருவோம். ஐஸ்லாந்துக்காரர்களில் பலர் 'தொல்வா' என்று சொல்வதில்லை, 'தல்வா' என்கிறார்கள். ஆசிரியர்கள் அறுபது வருஷமாகத் திருத்துகிறார்கள், இன்னும் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்குச் சரியான இலக்கணக் காரணம் இருக்கிறது.

அம்மொழியில் ஒரு விதி உண்டு. அடுத்த அசையில் உகரம் வந்தால் முன்னால் உள்ள அகரம் உதடு குவிந்து அந்த இரட்டைப்புள்ளி ஓ-வாக மாறும். 'சாகா' என்றால் கதை. கதையை, கதைக்கு, கதையின் என்று வேற்றுமை ஏற்றால் 'சொகு'. அதேபோல 'தாலா', வேற்றுமையில் 'தொலு'. எழுவாயில் அகரம், மற்ற வேற்றுமைகளில் ஒகரம். இந்த வகைப் பெண்பால் பெயர்ச்சொற்கள் ஏராளம். பேசப் பழகும் குழந்தையின் காதுக்கு இது பாடமாகிவிடுகிறது.

தொல்வாவின் உருபுகளைப் பாருங்கள். ஒருமையில் எழுவாய் தொல்வா. இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமை மூன்றுக்கும் தொல்வு. பன்மையில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் தொல்வுர், நான்காவது தொல்வும், ஆறாவது மறுபடி தொல்வா. எல்லா இடத்திலும் ஒகரம். 'தொல்வு' என்று கேட்ட காது, சாகா-சொகு கணக்கைப் போட்டு, எழுவாய் 'தல்வா'வாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறது. பிழை செய்பவர் விதி தெரியாமல் செய்யவில்லை. விதியை நன்றாகத் தெரிந்ததால் செய்கிறார்.

அப்படியென்றால் உகரமே இல்லாத எழுவாயில் ஒகரம் எங்கிருந்து வந்தது? வகரத்திலிருந்து. இன்று பல்லும் உதடும் சேர்ந்து ஒலிக்கும் இந்த வகரம், பழங்காலத்தில் இரண்டு உதடும் குவிந்து ஒலித்தது. அதற்கும் உகரத்தின் வேலையைச் செய்யும் சக்தி இருந்தது. தனக்கு முன்னால் நிற்கும் அகரத்தை அது குவித்துவிட்டது. வொல்வாவில் நடந்தது இதுதான். அந்த அச்சில் வார்த்ததால் தொல்வாவுக்கும் அந்தக் குவிவு கூடவே வந்தது.

உதட்டெழுத்து பக்கத்து உயிரைக் குவிக்கும் என்பதை நம்ப முடியவில்லை என்றால் சென்னைப் பேச்சைக் கவனியுங்கள். பெட்டி பொட்டி ஆகிறது, பெண் பொண்ணு ஆகிறது, பிடி புடி ஆகிறது, வேணும் வோணும் ஆகிறது. ப, வ இரண்டும் உதட்டெழுத்து. அடுத்து வரும் எகர இகரத்தை உதட்டோடு இழுத்துக்கொள்கின்றன. நம்மிடம் உதட்டெழுத்து முன்னால் நின்று பின்னால் உள்ள உயிரைக் குவிக்கிறது, அங்கே பின்னால் நின்று முன்னால் உள்ளதைக் குவித்தது. திசை மாறினாலும் உதடு செய்யும் வேலை ஒன்றுதான்.

நமக்கும் இதே மாதிரி ஒரு தகராறு உண்டு. கணினி, கணனி, கணணி. இலங்கைத் தமிழ் எழுத்தில் 'கணனி' நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. 'கணணி' எழுத்துப் பிழைதான். ஆனால் அதுவும் சும்மா வருவதில்லை, முன்னால் நிற்கும் ணகரம் பின்னால் உள்ள னகரத்தைத் தன் பக்கம் இழுப்பதால் வருகிறது.

தொல்வா ஏன் ஜெயித்தது என்பதற்கு வருகிறேன். குறுஞ்சொல் என்பது ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் அது முன்னாலும் ஒட்டும், பின்னாலும் ஒட்டும். 'ஃபார்' என்றால் பயணம், ஃபார்தொல்வா லேப்டாப். 'ஸ்பியால்த்' என்றால் அட்டை, பலகை; ஸ்பியால்த்தொல்வா டேப்லெட். முன்னால் வரும்போது 'தொல்வு' என்ற உருவில் நிற்கும்: தொல்வுபௌஸ்துர் மின்னஞ்சல், தொல்வுலெய்குர் கம்ப்யூட்டர் விளையாட்டு, தொல்வுவெய்ரா கம்ப்யூட்டர் வைரஸ். கணினி அறிவியலுக்குத் தொல்வுனார்ஃப்ரைதி. 'ராவெய்ந்தாஹெய்லி'யோடு இதில் எதையாவது ஒட்டிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டால் பாதிக் கலைச்சொல் சண்டைகள் ஓய்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து: இந்தச் சொல்லுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று ஒட்டினால் என்ன ஆகும்? கணிப்பொறி அழகான சொல். ஆனால் மடிக்கணிப்பொறி, கணிப்பொறித்துறை என்று நீட்டும்போது தடுக்குகிறது. கணினி என்றால் மடிக்கணினி, கணினித்துறை, கணினிமயம் எல்லாம் வழுக்கிக்கொண்டு வருகின்றன. 2011-இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தபோது அந்தச் சொல் பிளஸ் டூ மாணவர் வீடு ஒவ்வொன்றுக்கும் பொருளோடு சேர்ந்து போனது. எழுத்தில் அது நின்றுவிட்டது. ரிச்சி தெருவில் போய் மடிக்கணினி என்று கேட்டால் புரியாதவர் இல்லை. ஆனால் பேச்சில் கேட்பவரும் இல்லை, 'லேப்டாப்'தான். ஐஸ்லாந்தில் கடைக்காரரும் ஃபார்தொல்வா என்றுதான் சொல்வார். வித்தியாசம் இங்கேதான்.

அதற்காக அங்கே செய்த புதுச்சொல் எல்லாம் நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதைத்தான் இணையச் செய்திகள் சொல்லாமல் விடுகின்றன. காருக்கு 'சியவுல்வ்ரென்னிரெய்த்' என்று ஒரு சொல் செய்தார்கள், தானாக ஓடும் வண்டி என்று பொருள். அது விழுந்துவிட்டது. டேனிஷ் மொழியிலிருந்து வந்த 'பித்ல்' ஊர் முழுக்க ஓடுகிறது. வாழைப்பழத்துக்கு 'பியூகல்தின்', வளைந்த பழம் என்று செய்தார்கள். யாரும் சொல்வதில்லை, 'பனானி'தான். பீட்சாவுக்கு 'ஃபிளாத்பாகா', தட்டையாகச் சுட்டது. பீட்சா பீட்சாவாகவே இருக்கிறது.

பித்ல் ஜெயித்த விதத்தையும் கவனிக்க வேண்டும். வெளிச்சொல்லாக வந்தது, ஆனால் வந்த நாளிலேயே உள்ளூர் உருபுகளை ஏற்றுக்கொண்டது. எழுவாய் பித்ல், ஆறாம் வேற்றுமை பில்ஸ். நம் ஊரில் பஸ் பஸ்ஸுக்கு, பஸ்ஸில் என்று தமிழ் உருபை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. இலக்கணம் ஏற்றுக்கொண்ட சொல்லை அப்புறம் யாராலும் அசைக்க முடிவதில்லை.

தமிழ்ப் பக்கம் திரும்பினால் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. நோர்தால் எண்ணையும் குறியையும் ஒரே சொல்லில் ஒலிக்க வைக்க வேலை செய்ய வேண்டியிருந்தது. நம்மிடம் 'கணி' என்ற ஒரே சொல்லில் அது முன்பே இருக்கிறது. கணித்தல் என்றால் கணக்கிடுதல். ஜாதகம் கணிப்பதும் அதே சொல். சங்க இலக்கியத்தில் கணி, கணியன் என்றால் நாளும் கோளும் பார்த்துச் சொல்பவர். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற புறநானூறு 192-ஆம் பாட்டைப் பாடியவர் கணியன் பூங்குன்றனார். 194-ஐப் பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். வேங்கை மரத்துக்கும் கணி என்று பெயர் வந்தது, தினை அறுக்கும் காலத்தைப் பூத்துச் சொல்லிவிடுவதால். இந்த வேர் தமிழா வடமொழியா என்று அறிஞர்களுக்குள் பழைய வழக்கு உண்டு. எந்தப் பக்கம் தீர்ப்பானாலும், இரண்டாயிரம் வருஷமாகக் கணக்கும் ஆருடமும் நம் வாயில் ஒரே சொல்லாக இருந்ததை அது மாற்றாது.

கணினியின் கடைசி இகரத்தையும் பாருங்கள். மண்ணை வெட்டுவது மண்வெட்டி, தேங்காய் துருவுவது துருவி, பாக்கு வெட்டுவது பாக்குவெட்டி. செய்வதற்குப் பெயர் வைக்கும் விகுதி அது, அடுக்களையில் தினமும் புழங்குவது. அதே அச்சில்தான் செயலி, உலாவி, வருடி, கைபேசி. ஐஸ்லாந்தின் அந்த 'வா' விகுதி புதிதாக எதையும் பிறப்பிக்காத பழைய அச்சு. நோர்தால் அதை ஒருமுறை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தினார். நம் இகரம் இன்றும் சூடாக இருக்கும் அச்சு. புதுச்சொல் செய்கிறவர்கள் 'கருவி', 'சாதனம்', 'இயந்திரம்' என்று வால் ஒட்டுவதற்கு முன் இந்த இகரத்தை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொல்வாவோடு ஒரே மேசையில் இருக்கும் வேறு சில சொற்களையும் பார்த்துவிடலாம். டெலிபோன் 'சீமி'. பழைய நோர்ஸ் மொழியில் கயிறு, இழை என்று பொருள் தந்த அபூர்வச் சொல். கம்பி வழியே பேச்சு வந்தபோது தூசி தட்டி எடுத்தார்கள். மொபைல் போன் ஃபார்சீமி, பயண இழை. கம்பி போன பிறகும் கயிறு பெயரில் இருக்கிறது. திரைக்கு 'ஸ்கியவுர்'. முன்பு புல்கட்டி வீடுகளில் கண்ணாடிக்குப் பதில் விலங்கின் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டிய சின்னச் சாளரத்துக்கு அந்தப் பெயர். மங்கலாக ஒளி ஊடுருவும் சவ்வு. கம்ப்யூட்டர் திரைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. மின்சாரம் 'ராவ்மக்ன்', அதாவது அம்பரின் (கல்லாக இறுகிய பழைய மரப்பிசின்) சக்தி. அம்பரைத் தேய்த்தால் தூசியை இழுக்கும் என்ற கிரேக்கக் கவனிப்பிலிருந்து வந்த ஐரோப்பியச் சொல்லை அப்படியே உள்ளூர்ச் சொல்லில் பெயர்த்தது. நாம் வானத்து மின்னலிலிருந்து எடுத்தோம்.

இயந்திரத்துக்கு 'வியேல்'. பழைய பொருள் தந்திரம், சூழ்ச்சி. நம் 'பொறி' நினைவுக்கு வருகிறதா? எலிப்பொறியில் இருப்பதும் பொறியியலில் இருப்பதும் ஒரே பொறிதான்.

இதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்தபடியே சரிபார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். போன் விசைப்பலகையில் ஆங்கில ஓ-வை அழுத்திப் பிடித்தால் இரட்டைப்புள்ளி ஓ வரும், அதைப் போட்டே tölva, völva என்று தேடுங்கள். புள்ளி இல்லாமல் வொல்வாவைத் தேடினால் காளானின் அடியுறை பற்றிய பக்கங்களும் ஒரு கார் கம்பெனியும்தான் வந்து நிற்கும். அச்சு அகராதியில் அந்த எழுத்து அகரவரிசையின் கடைசி, 32-ஆவது எழுத்து. ஓ-வுக்குப் பக்கத்தில் தேடி இல்லை என்று மூடிவிடாதீர்கள். தகரப் பகுதியின் கடைசிப் பக்கங்களில் தொல்வா இருக்கும். பழைய சொற்களுக்கு 1874-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியான கிளீஸ்பி–விக்ஃபுசோன் அகராதி இலவசமாகவே கிடைக்கிறது. அதில் வொல்வா இருக்கும், தொல்வா இருக்க வாய்ப்பே இல்லை. உருபுகளைச் சரிபார்க்க ரெய்க்யவிக்கின் ஆர்னி மக்னுஸ்ஸோன் ஆய்வு நிறுவனம் நடத்தும் இணையப் பட்டியல் இருக்கிறது. எந்த வேற்றுமை உருவைத் தட்டினாலும் மூலச்சொல்லுக்குக் கொண்டுபோய் விடும். 'தொல்வும்' என்று எங்காவது பார்த்துத் திகைத்தால் அங்கேதான் போக வேண்டும்.

தமிழ்ப் பக்கத்துக்கு, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-இல் பின்னிணைப்பாகவும் வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடலாம். கணி, கணியன், பொறி, அகவன் மகள் நான்கையும் வரிசையாகப் பாருங்கள். எந்த மொழியானாலும் ஒரு பழக்கத்தை மட்டும் விடாதீர்கள்: சொல்லின் கதையைப் படிப்பதற்கு முன் அதன் உருபு வரிசையைப் பாருங்கள். கதை ஒட்டு என்று சொன்னாலும் உருபு வார்ப்பு என்று காட்டிக்கொடுத்துவிடும். தொல்வாவில் அப்படித்தான் தெரிந்தது.

கடைசியாக, கையோடு ஒரு வாக்கியம். 'தொல்வன் மீன் எர் பிலுத்'. என் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு. தொல்வாவின் முடிவில் சேர்ந்த னகரம், இந்தக் குறிப்பிட்ட கம்ப்யூட்டர் என்று சுட்டுவது. அந்த மொழியில் சுட்டு சொல்லின் வாலில் ஒட்டும். 'மீன்' என்றால் என்னுடைய. 'பிலுத்' என்பதன் பகரத்தை நாம் பல், பழம் என்று சொல்லும் பகரமாகவே சொல்லலாம், ஐஸ்லாந்துக்காரர் சொல்வதும் அதேதான். உகரத்துக்கு நாக்கு இகரத்தில், உதடு உகரத்தில். கடைசித் தகரம் 'அது' என்பதில் வரும் மெல்லிய தகரம், வல்லொற்றாக அடிக்கக் கூடாது. கெட்டுப்போனது ஆண்பால் சொல்லாக இருந்தால் 'பிலாதுர்' என்று வரும். காரைச் சொன்னால் அப்படித்தான், பித்ல் ஆண்பால். தொல்வா பெண்பால், அதனால் பிலுத். எண்காரி அல்லவா.